கேட்டவருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த ட்ரம்பெட்காரர்

1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கறுப்பினச் சிறுவன், மூத்த வாத்தியக்காரர் ஒருவரிடம் போய்ச் சந்தேகம் கேட்டான். ட்ரம்பெட்டில் கீழ்ஸ்தாயி கனமாக வரவேண்டுமென்றால் என்ன செய்யவேண்டும்? கண்ணாடி முன்னால் நிமிர்ந்து உட்கார், பல்லைக் கடி, இடது காதை ஆட்டு என்றார் பெரியவர். பையன் நம்பிவிட்டான். தன்னை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் பலர் அப்படித்தான் இருந்தார்கள். இன்னொருவன் தொழில் படித்துவிட்டால் நாளைக்கு நம் இடத்தில் அவன் நிற்பான் என்ற பயம் அவர்களுக்கு.

அந்தச் சிறுவனின் பெயர் கிளார்க் டெரி. கவுன்ட் பேஸி, டியூக் எலிங்டன் என்று ஜாஸ் உலகின் இரண்டு பெரிய குழுக்களிலும் வாசித்தவர். 900க்கும் மேற்பட்ட இசைப்பதிவுகளில் அவருடைய ஊதல் இருக்கிறது. தனக்குக் கொஞ்சமாவது தெரிந்த எதையும், கேட்டு வருகிற எவருக்கும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பது என்று அவர் முடிவெடுத்ததற்கு அந்த இடது காதும் ஒரு காரணம். 2015 பெப்ரவரி 21ஆம் திகதி, 94ஆவது வயதில் இறக்கும்வரை அதைச் செய்தார். கடைசிப் பாடங்களை நடத்தியது நோயாளிக் கட்டிலில் படுத்தபடி.

இலங்கை மலையகத்தின் வலப்பனையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ட்ரம்பெட்காரர் ஒருவரைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை எதற்கு என்று கேட்கலாம். ட்ரம்பெட் என்றால் நமக்கு நினைவு வருவது கிரிக்கெட் மைதானத்துப் பப்பரே. அதை விட்டால் இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்கு முன்னால் போகும் பேண்ட். அதையும் விட்டால் சினிமாப் பாட்டு. ஜாஸ் நம் பக்கத்து இசை அல்ல, உண்மைதான். ஆனால் டெரியின் கதையில் வரும் லயம் போன்ற நெருக்கடியான வீடுகளும், கைக்கு எட்டாத வாத்தியமும், அவன் படித்து என்ன ஆகப்போகிறான் என்ற பேச்சும் நமக்கு அந்நியமானவை அல்ல.

ரப்பர் பைப்பும் பன்னிரண்டரை டொலரும்

டெரி பிறந்தது 1920 டிசம்பர் 14. பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. தாயைச் சிறுவயதிலேயே இழந்தவர். தகப்பனார் எரிவாயுக் கம்பனியில் கடும் உடலுழைப்பு வேலை செய்தார். வீட்டில் வாத்தியம் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அக்கா ஒருவரின் கணவர் ஊர்ப் பேண்டில் ட்யூபா ஊதியவர், அதனால் ஒத்திகைகளின் சத்தம் காதில் விழுந்தபடியே இருந்தது. தெருவில் யாரோ வீட்டு கிராமபோனில் எலிங்டன் குழுவைக் கேட்ட நாளிலிருந்து பையனுக்கு ட்ரம்பெட் வெறி.

பத்து வயதளவில் தானே ஒன்று செய்தான். குப்பையில் கிடந்த ரப்பர் பைப்பைச் சுருட்டி வளைத்துக் கட்டினான். ஒரு முனையில் புனலைச் செருகினான், மறுமுனையில் ஈயக் குழாய்த் துண்டை வாய்வைத்து ஊதும் இடமாக்கினான். அதிலிருந்து வந்ததை இசை என்று சொல்ல முடியாது. சத்தம் தாங்காத அயலவர்கள் ஒன்றுகூடிக் காசு சேர்த்தார்கள். பன்னிரண்டரை டொலர் சேர்ந்தது. அடகுக்கடையிலிருந்து உண்மையான ட்ரம்பெட் ஒன்று வந்தது.

அயலவர்கள் அன்பால் கொடுத்தார்களா, காதைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்தார்களா என்று சிரிப்பதுண்டு. இரண்டும் இருந்திருக்கும். ஆனால் எல்லாருமே ஏழைகள் என்பதை மறக்கக்கூடாது. 1930 என்பது அமெரிக்காவில் வேலையில்லாமல் மனிதர்கள் சாப்பாட்டு வரிசையில் நின்ற காலம்.

பாடசாலைப் பேண்ட், ஊர்ஊராகப் போகும் கார்னிவல் கூட்டம், ப்ளூஸ் பாடகி ஐடா கோக்ஸின் சுற்றுப்பயணக் குழு என்று இளமை ஓடியது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குச் சாப்பாட்டுக்கடைக் கதவும் விடுதிக் கதவும் மூடியிருந்தன. 1942இல் கடற்படை கறுப்பின இளைஞர்களை வாத்தியக்காரர்களாகவும் சேர்க்கத் தொடங்கியது. அதுவரை அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது சமையல்கட்டும் பரிமாறும் வேலையும்தான். சிக்காகோவுக்கு அருகிலிருந்த கிரேட் லேக்ஸ் முகாமில் டெரி 1945 வரை இருந்தார். நாட்டின் பல பாகங்களிலிருந்து வந்த தேர்ந்த வாத்தியக்காரர்கள் ஒரே கூரையின்கீழ். தன்னைவிடத் தெரிந்தவனிடம் கேட்பதும் தெரியாதவனுக்குச் சொல்வதும் அங்கே அன்றாடப் பழக்கமாயின.

பேஸியும் எலிங்டனும்

1948இல் கவுன்ட் பேஸியின் குழு. 1951இல் டியூக் எலிங்டன் கண் வைத்தார். பேஸியும் எலிங்டனும் நண்பர்கள், நேரடியாக ஆளைப் பறிக்க முடியாது. அதனால் எலிங்டன் ஒரு நாடகம் எழுதினார். உடம்பு சரியில்லை என்று பேஸியிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய் இரு, சம்பளத்தை நான் தருகிறேன், என் குழு செயின்ட் லூயிஸுக்கு வரும்போது தற்செயலாகச் சேர்ந்துகொள்வது போலச் சேர்ந்துகொள். டெரி அப்படியே செய்தார். பல வருடங்கள் கழித்துக் குற்றவுணர்வு தாங்காமல் பேஸியிடம் உண்மையைச் சொன்னபோது, அது தனக்கு அப்போதே தெரியும் என்றாராம் பேஸி.

பேஸியிடம் இருந்தது கல்லூரிப் படிப்பு, எலிங்டனிடம் இருந்தது அதற்கு மேற்பட்ட பட்டப்படிப்பு என்று டெரி சொல்வார். எட்டு வருடங்கள் அங்கே. 1957இல் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை வைத்து எலிங்டனும் அவருடைய கூட்டு இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் ஓர் இசைத்தொகுப்பு எழுதினார்கள். அதில் ‘ஒரு நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்துக் குறும்புத் தேவதை பக், டெரியின் ட்ரம்பெட் வழியாக ஒரு வசனம் பேசுகிறான். பாடகர் யாரும் இல்லை. சொற்களின் ஏற்ற இறக்கம் மட்டும் ஊதலில் வருகிறது, கேட்பவருக்கு வசனம் புரிந்துவிடுகிறது.

ட்ரம்பெட்டின் உறவுக்கார வாத்தியமான ஃப்ளூகல்ஹோர்னை ஜாஸ் தனிவாசிப்புக்கு உரியதாக்கியவர்களில் முதன்மையானவர் டெரிதான். அதன் குழாய் சற்று அகன்றது, நாதம் இருண்டு மென்மையாக வரும். ஒரு கையில் ட்ரம்பெட்டையும் மறுகையில் ஃப்ளூகல்ஹோர்னையும் பிடித்துக்கொண்டு, ஒன்றில் கேள்வி கேட்டு மற்றதில் பதில் சொல்வார். கோயில் திருவிழாவில் இரண்டு தவில்காரர்கள் மாறிமாறி வாசித்து ஒருவரை ஒருவர் மடக்குவார்களே, அந்தச் சண்டையை ஒரே ஆள் இரண்டு கையாலும் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தைதான். ஆனால் வெறும் வித்தையென்று ஒதுக்க முடியாதபடி ஒவ்வொரு பதிலிலும் சுரம் சுத்தமாக நிற்கும்.

1959இல் எலிங்டனை விட்டார். நான்கு வருடம் கழித்து, 1963இல், அமெரிக்க அரசு எலிங்டன் குழுவை ஆசியப் பயணம் அனுப்பியது. டெல்லி, சென்னை, பம்பாய், கல்கத்தாவோடு கொழும்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. டெரி அப்போதும் குழுவில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு ஒரு கொழும்புப் படம் கிடைத்திருக்கும். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையைத் தென்மாநிலங்கள் மறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கறுப்பினக் கலைஞர்களையே நாட்டின் தூதர்களாக அனுப்பிய விநோதம் அது. அவர்கள் வந்து வாசித்த இந்தத் தீவில் அப்போது மலையகத் தமிழரின் நிலையும் அதுதான். 1948இல் குடியுரிமை போய், அடுத்த வருடம் வாக்கும் போய், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்படக் காத்திருந்த காலம்.

டெரி அந்த நேரத்தில் நியூயோர்க்கில் இன்னொரு கதவைத் திறந்திருந்தார். என்.பி.சி. தொலைக்காட்சியின் நிரந்தர இசைக்குழுவில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லையே என்று அர்பன் லீக் என்ற உரிமை அமைப்பு கேள்வி எழுப்பியது. தகுதியான ஆள் யார் என்று நிறுவனம் விசாரித்தபோது திரும்பத் திரும்ப வந்த பெயர் ஒன்றுதான். 1960இல் அவர் உள்ளே போனார், அந்த நிறுவனத்தின் முதல் கறுப்பின நிரந்தர வாத்தியக்காரராக. தான் ஒரு பிழை விட்டால் தனக்குப் பின்னால் வரக்கூடியவர்களின் கதவு மூடிவிடும் என்று உடையில்கூடக் கவனமாக இருந்தார். இரவு நேரப் பிரபல நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’ குழுவில் பன்னிரண்டு வருடம். 1964இல் பியானோக் கலைஞர் ஒஸ்கர் பீட்டர்சனோடு செய்த பதிவில் பழைய ப்ளூஸ் பாடகர்களைப் போல அர்த்தமே இல்லாமல் முணுமுணுத்துப் பாடினார். விளையாட்டாகச் செய்த அது அவரை நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. அதோடு ‘மம்பிள்ஸ்’, அதாவது முணுமுணுப்பு, என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

மைல்ஸுக்கு விழுந்த முதல் மறுப்பு

கேட்டவருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் என்று தலைப்பிட்டுவிட்டேன். ஒரு விலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இலினோய் மாநிலத்தின் கார்பன்டேல் ஊரில் ஒரு விழாவுக்கு வாசிக்கப் போயிருந்தார் இளம் டெரி. பாடசாலைப் பேண்டோடு வந்திருந்த ஒல்லிப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து ட்ரம்பெட் பற்றி ஏதோ கேட்டான். டெரியின் கண் அங்கே நின்ற பெண்பிள்ளைகள் மேல். இப்போது ட்ரம்பெட் பேச்சு வேண்டாம் என்று துரத்திவிட்டார். கொஞ்சக் காலம் கழித்து செயின்ட் லூயிஸில் ஒரு மண்டபப் படிக்கட்டில் ஏறும்போது மேலேயிருந்து அசாத்தியமான ஊதல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அதே பையன். நீங்கள் அன்றைக்குத் துரத்திவிட்ட ஆள் நான்தான் என்று நினைவுபடுத்தினான். அவன்தான் பின்னாளில் பெரும் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞரான மைல்ஸ் டேவிஸ். பிறகு இருவரும் ஆயுள்கால நண்பர்கள். தன்மேல் முதலில் பாதிப்புச் செலுத்தியவர்களில் டெரியைக் குறிப்பிட மைல்ஸ் ஒருபோதும் தவறியதில்லை.

இடது காதுக் கதையில் ஏமாற்றப்பட்டவரே கார்பன்டேலில் இன்னொரு பையனை ஏமாற்றமடையச் செய்தார். நல்ல ஆசிரியர் என்பவர் பிறக்கும்போதே பொறுமையோடு பிறப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து வந்த பையனிடம் அவர் அப்படி நடக்கவில்லை. சியாட்டல் நகரில் பேஸி குழுவோடு தங்கியிருந்தபோது பாடசாலை மாணவன் ஒருவன் சொல்லித்தருவீர்களா என்று கேட்டு வந்தான். டெரிக்கு இரவு முழுவதும் வேலை, பையனுக்குப் பகல் முழுவதும் பாடசாலை. நடுவில் கிடைத்தது விடியற்காலை மட்டும். தூக்கத்தை விட்டு எழுந்து, பையன் பாடசாலைக்குப் போகுமுன் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் குயின்ஸி ஜோன்ஸ். 1982இல் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ இசைத்தொகுப்பைத் தயாரித்தவர். பின்னாளில் குயின்ஸி சொந்தமாகப் பெரிய குழு தொடங்கியபோது, எலிங்டனை விட்டு வந்து அதில் சேர்ந்தார் டெரி. தன் மாணவனின் குழுவில் சம்பளத்துக்கு ஊதுவது அவருக்கு வெட்கமாகப் படவில்லை.

1972இல் ‘டுநைட் ஷோ’ கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. டெரி நியூயோர்க்கிலேயே நின்றுவிட்டார். அதன்பிறகு கற்பித்தலே பிரதானமாயிற்று. ஹார்லெம் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்து இளைஞர் குழு நடத்தினார். கோடைக்கால முகாம்கள், கல்லூரிகள், உயர்தரப் பாடசாலைகள் என்று நாடெங்கும் அலைந்தார். நியூஜேர்சியின் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், அவருடைய ஆவணங்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன.

அவருடைய முறைக்கு மூன்று படிகள். முதலில் போலச் செய், பிறகு அதை உன்னுடையதாக்கு, பிறகு புதிதாகச் செய். நம் குருகுலத்து ஆட்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அவருடைய ‘டூடில்’ உத்தி. வேகமான சுரங்களை நாக்கு எப்படித் தட்டவேண்டும் என்பதை அவர் டூ-டில், டூ-டில் என்று சொற்களாக்கி, வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் வாயால் பாட வைப்பார். வாய்க்கு வந்தால் நாக்குக்கு வரும், நாக்குக்கு வந்தால் வாத்தியத்தில் வரும். தவில் படிக்கப் போகிற பிள்ளை கையைத் தூக்குமுன் சொற்கட்டை வாயால் சொல்லப் பழகுவது எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். மிசிசிப்பிக் கரையும் காவிரிக் கரையும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

மூச்சிலும் அப்படித்தான். கன்னத்தில் தேக்கிய காற்றை ஊதலுக்குத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்து, சுரம் அறாமல் நிமிடக்கணக்கில் நிறுத்துவதில் டெரி சமர்த்தர். நம் பாம்பாட்டியின் மகுடிக்கு அதுதான் அடிப்படைப் பாடம்.

நடுச்சாமத்துப் பாடங்கள்

முதுமையில் நீரிழிவு அவரைத் தின்றது. கண்பார்வை மங்கியது. இரண்டு கால்களையும் எடுக்கவேண்டி வந்தது. மனைவி க்வென்னோடு ஆர்கன்சா மாநிலத்தின் பைன் ப்ளஃப் என்ற சிறுநகருக்குப் போய்விட்டிருந்தார். மாணவர்கள் அங்கேயும் தேடி வந்தார்கள். அவர்களில் ஜஸ்டின் கோஃப்லின் என்ற பியானோக்காரர் பதினொரு வயதில் பார்வையை முற்றாக இழந்தவர். திறமை இருந்தது, மேடைப் பயம் விடவில்லை. தொண்ணூறைத் தொட்ட குருவும் இருபதுகளில் இருந்த மாணவரும் விடிய விடியப் பாடம் நடத்தினார்கள். டெரி படுத்தபடி ஒரு சொற்றொடரை முணுமுணுப்பார், ஜஸ்டின் அதைப் பியானோவில் தேடிப் பிடிப்பார்.

டெரியிடம் முன்பு படித்த அலன் ஹிக்ஸ் என்ற ஆஸ்திரேலிய ட்ரம்ஸ்காரர் இதைப் பல வருடங்கள் படமாக்கினார். ‘கீப் ஒன் கீபின் ஒன்’ என்ற அந்த ஆவணப்படம் 2014இல் வெளியாகி நியூயோர்க்கின் ட்ரைபெக்கா விழாவில் விருது பெற்றது. தயாரிப்பாளர்களில் ஒருவர் குயின்ஸி ஜோன்ஸ். குருவைப் பார்க்க வந்த இடத்தில் ஜஸ்டினின் வாசிப்பைக் கேட்ட குயின்ஸி, அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். முதல் மாணவர்களில் ஒருவரிடம் கடைசி மாணவர்களில் ஒருவர் போய்ச் சேர்ந்தார்.

2014 டிசம்பரில், டெரியின் 94ஆவது பிறந்தநாளையொட்டி, ட்ரம்பெட் கலைஞர் விண்டன் மார்சலிஸ் தன் லிங்கன் சென்டர் ஜாஸ் குழுவையே அழைத்துக்கொண்டு பைன் ப்ளஃப் மருத்துவமனைக்கு வந்து வாசித்தார். இரண்டு மாதம் கழித்து டெரி காலமானார்.

கோவாவின் கிராமப் பாடம்

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நம் பக்கம் எங்கே என்பவர்களுக்கு கோவாவைக் காட்டலாம். போர்த்துக்கேயர் ஆட்சியில் கோவாவின் தேவாலயப் பள்ளிகள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசையை எழுதவும் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தன. நோக்கம் திருப்பலிக்கு வாத்தியக்காரர் சேர்ப்பதுதான். விளைந்தது வேறு. 1916இல் அல்டோனா கிராமத்தில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சொக்லேட்’ என்ற பெயரில் பம்பாயின் தாஜ் ஹோட்டலில் ட்ரம்பெட் ஊதி, இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் என்று புகழ்பெற்றார். இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கு உதவியாளராக இருந்து 1951இல் வந்த ‘அல்பேலா’ போன்ற படங்களுக்கு ஜாஸ் துள்ளலைக் கொடுத்தார். ஃப்ராங்க் ஃபெர்னாண்ட் என்ற இன்னொரு ட்ரம்பெட்காரரும் அதே வழியில் வந்தவர். இசையமைப்பாளர் மனதில் இருந்ததைத் தாளில் எழுதி, அறுபது பேர் ஒன்றாக வாசிக்கும்படி செய்தவர்கள் பெரும்பாலும் கோவாக்காரர்கள். ஹிந்தி சினிமாவின் பொற்காலத்து இசை ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துப் பாடவேளையில் முளைத்தது என்று சொன்னால் அது மிகையல்ல. சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஒருவரின் அறையில் மேற்கத்திய இசை படித்தவர்களில் இளையராஜாவும் ஒருவர்.

மலையகத்தில் நமக்கு ட்ரம்பெட் இல்லை. தப்பு இருக்கிறது. காமன் கூத்துக்கு ஓர் அடி, சாமி தூக்க ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. ஒரு காலத்தில், தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் தப்புத்தான். நெருப்பில் வாட்டித் தோலை முறுக்கேற்றுவதிலிருந்து அடியை மாற்றும் இடம்வரை அதில் ஒரு முழுப் பாடத்திட்டமே இருக்கிறது. அதைச் சாவுக்கொட்டு என்றும் இன்ன சாதியின் வேலை என்றும் ஒதுக்கி, படித்த பிள்ளை தொடக்கூடாத பொருளாக்கியது நாம்தான். வேறு யாரும் அல்ல. ஜாஸையும் அமெரிக்காவில் மதுக்கடைச் சத்தம், கறுப்பர் கூச்சல் என்றுதான் முதலில் சொன்னார்கள். அதைப் பல்கலைக்கழக வகுப்பறைக்குள் கொண்டுபோனவர்கள் டெரி போன்ற ஆசிரியர்கள்.

பாடசாலைகளில் கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அழகியல் பாடங்களாக இருக்கின்றன. தோட்டப் பாடசாலைகளில் அவற்றைக் கற்பிக்க ஆசிரியர் பற்றாக்குறை இருப்பது புதிய செய்தி அல்ல. நியமனம் வரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வலப்பனை வலயத்து அதிபர்களே, உங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தப்படிக்கும் பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். வாரத்தில் ஒரு நாள், கடைசி இரண்டு பாடவேளைக்கு அவரை அழையுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணத்திலிருந்து அவருடைய ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுங்கள். வகுப்பறையில் மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே நாற்காலியை அவருக்கும் போடுங்கள். சேர விரும்பும் பிள்ளை ஆணா, பெண்ணா, எந்த லயத்தைச் சேர்ந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.